நாலு நாள் எரிஞ்ச சிவப்பு லைட்

முதல்ல அந்த லைட்டைக் கண்டது நான் இல்ல, அக்காட மகன். சாமத்திய வீட்டு வீடியோ ஒண்டை ரெண்டர் போட்டுட்டு (வெட்டி ஒட்டின வீடியோவை கொம்பியூட்டர் ஒரே ஃபைலாச் செய்யிற வேலை) நான் குசினியில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறன், இவன் அறைக்குள்ள இருந்து "மாமா, கார்ட்ல சிவப்பு லைட் ஒண்டு விட்டு விட்டு எரியுது, இது டிசைனா பிரச்சினையா" எண்டு கத்துறான். அவனுக்கு எல்லாமே டிசைன் தான். ஓடி வந்து பாத்தா கேஸ் கண்ணாடிக்கால தெரியுது, கிராபிக்ஸ் கார்டுக்கு பவர் கேபிள் பூட்டுற 8 பின் சொக்கற்றுக்குப் பக்கத்தில அரிசி அளவில ஒரு சிவப்பு லைட். ரெண்டு மூண்டு செக்கன் எரியும், நூரும், திருப்பி எரியும். நான் பாத்துக்கொண்டு நிக்கேக்கயே ஸ்கிரீன் கறுத்து ரெண்டு செக்கனில திருப்பி வந்திச்சு, ரெண்டர் 63 வீதத்தில நிண்டு போச்சு.

கொம்பியூட்டரைப் பற்றி சொல்லிட்டுப் போறன், இல்லாட்டி பிறகு விளங்காது. கார்ட் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, செக்கன் ஹேண்டில வாங்கினது, ரெண்டு வருசமா ஒரு கரைச்சலும் தரேல்ல. பவர் சப்ளை 550 வாட், பிரோன்ஸ் தரம். அதுக்கு முன்னால ஒரு 650 விஏ யூபிஎஸ், 2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில ஆத்திரத்தில வாங்கினது. வீடு திருகோணமலையில, திருக்கடலூர் பக்கம், ஜன்னலைத் திறந்தா கடல் சத்தம் கேக்கும். கேக்க வடிவு தான், ஆனா வாடைக்காத்து தொடங்கினா காத்தோட சேந்து உப்பும் வீட்டுக்குள்ள வரும், கதவுப் பிணைச்சல், சைக்கிள் செயின், கத்தரிக்கோல் எண்டு ஒண்டு விடாம ஒரு வருசத்தில கறள் பிடிச்சிடும். இதை இப்ப சும்மா சொல்லி வைக்கிறன், பிறகு தேவைப்படும்.

அந்த லைட் எல்லாக் கார்டிலயும் இல்ல, சில கார்டுகளில மட்டும் வரும். கேபிள் பூட்டாம விட்டா எரியும், பூட்டியிருந்தும் அந்த இடத்தில 12 வோல்ட் எண்டு வர வேண்டியது கீழ விழுந்தாலும் எரியும். எங்களுக்கு கேபிள் பூட்டித்தான் கிடக்கு, அப்ப ரெண்டாவது காரணம். விண்டோஸுட ஈவன்ட் வியூவரில போய்ப் பாத்தா 4101 எண்ட நம்பரில டிஸ்பிளே ட்ரைவர் (கார்டை ஓட்டுற சொப்ட்வேர்) பதில் சொல்லாம நிண்டு பிறகு எழும்பினது எண்டு வரிசையா நாலு பதிவு. ஆனா அதை வச்சு ஒண்டும் முடிவெடுக்க ஏலாது, விழுந்தவன் விழுந்திட்டான் எண்டு சொல்லுமே தவிர தள்ளினது ஆர் எண்டு சொல்லாது. மருமகன் அந்த நம்பரைப் பாத்திட்டு ட்ரைவரை முழுசா அழிச்சு திருப்பி ஏத்தினான், அரை நாள் போச்சு, லைட் அப்பிடியே.

திருகோணமலையில இருக்கிற ஆளுக்கு லோ வோல்டேஜ் எண்டு சொன்னா முதல்ல கண் போறது சுவரில இருக்கிற பிளக் பக்கம் தான். பின்னேரம் ஆறரை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலயும் லைட், ஃபேன், தண்ணி மோட்டர் எண்டு போட, எங்கட ஒழுங்கையில பல்ப் எல்லாம் சோந்து போகும். யூபிஎஸ் அந்த நேரம் டிக் டிக் எண்டு சத்தம் போடும், உள்ளுக்க இருக்கிற ரிலே மாறுற சத்தம் அது. சிவப்பு லைட் எரியிறதும் அதே பின்னேரம். ரெண்டையும் சேத்துப் பாத்தா ஆருக்கும் ஒரு முடிவு தான் வரும், எனக்கும் அது தான் வந்திச்சு. மீற்றரை எடுத்து பிளக்கில வச்சன், 207. பக்கத்து வீட்டு மோட்டர் எழும்பேக்க 199. இலங்கையில வீட்டு கரண்ட் 230 வோல்ட், கூட்டிக் குறைச்சா 6 வீதம், அதாவது 216க்கு கீழ வரப்படாது. அப்ப குற்றவாளி கையும் களவுமா பிடிபட்டிட்டான் எண்டு எனக்கு ஒரே சந்தோசம்.

எங்கட வீட்டுக்கு வயரிங் செஞ்ச பாஸைக் கூப்பிட்டன். அவர் வந்து மீற்றர் போர்ட்டை ஒருக்கா அண்ணாந்து பாத்திட்டு, "தம்பி, ட்ரான்ஸ்போமர் நிக்கிறது சந்தியில, உங்கட வீடு இந்த லைனில ஆகக் கடைசி, முன்னுக்கு உள்ளவங்க குடிச்சு மிஞ்சினது தான் உங்களுக்கு வரும், ஒரு ஸ்டெபிலைசர் போடுங்க" எண்டார். ஸ்டெபிலைசர் விலை கேட்டு ரவுணுக்க ரெண்டு கடைக்குப் போன் அடிச்சன். விலையைக் கேட்ட உடனே தான் மூளை வேலை செய்யத் தொடங்கிச்சு.

ஏனெண்டா பவர் சப்ளையில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில 100 முதல் 240 வோல்ட் எண்டு கிடக்கு. இப்பத்தைய சப்ளைகளில அக்டிவ் பிஎஃப்சி எண்டு ஒரு பகுதி இருக்கு, சுவரில இருந்து எவ்வளவு வந்தாலும் அதை முதல்ல உள்ளுக்க கிட்டத்தட்ட 380 வோல்ட் டிசியா ஏத்தி வச்சுக்கொண்டு தான் அதில இருந்து 12 வோல்ட் செய்யும். 207 வந்தா கொஞ்சம் கூட அம்பியர் இழுக்கும், அவ்வளவு தான், 12 வோல்ட் பக்கத்துக்கு அந்த விசயமே தெரியாது. ஜப்பானில 100 வோல்ட்டில இதே மாதிரி சப்ளை ஓடுது. இதுக்கு மேல யூபிஎஸ் டிக் டிக் எண்டுறதே வோல்டேஜை ஏத்திக் குடுக்கிற சத்தம் தான். ஸ்டிக்கரில 200 முதல் 240 எண்டு மட்டும் போட்ட மலிவுச் சப்ளை எண்டா கதை வேற, அதுக்கு 199 வந்தா கஷ்டம் தான். அதால ஸ்டெபிலைசருக்கு காசு குடுக்க முதல் அந்த ஸ்டிக்கரை ஒருக்கா வாசிச்சுப் பாருங்க.

சரி, யோசிச்சா போதாது, செஞ்சு பாக்க வேணும். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு பிளக்கில அளந்தன், 233. லீவு நாள், கடை ஒஃபிஸ் பூட்டு, வெயில் நேரம் கூரைச் சோலாரும் சேந்து தள்ளுது, அந்த நேரம் லைனில கரண்ட் தாராளமா கிடக்கும். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை சப் ஸ்டேஷனில குரங்கு பாஞ்சு முழு நாடும் இருண்டதும் இப்பிடி ஒரு ஞாயிறு பகல் தான், நினைவிருக்கும். அந்த 233இல ரெண்டரைப் போட்டன். நாலாவது நிமிசம் சிவப்பு லைட். யூபிஎஸ் மூச்சு விடேல்ல.

அப்ப பின்னேரத்தில மட்டும் எரிஞ்சது ஏன் எண்டு கேட்டா, நான் ரெண்டர் போடுறதே பின்னேரம் தான். பகலில வெட்டி ஒட்டுற வேலை, அதுக்கு கார்ட் நித்திரை கொள்ளும். இவ்வளவு சின்ன விசயம் ரெண்டு நாளா கண்ணுக்குத் தெரியேல்ல.

அடுத்தது சொப்ட்வேர். இதில மருமகன் ஒரு புதுக் கலவரத்தைக் கிளப்பினான். கார்டுட நிலையைக் காட்டுற ஜிபியூ-இசட் எண்ட சொப்ட்வேரைத் திறந்து, அதில கார்டுட வேகத்தை எது கட்டுப்படுத்துது எண்டு காட்டுற வரியில வோல்டேஜ் எண்டு வந்திருக்கு மாமா எண்டான். அது இந்த வோல்டேஜ் இல்ல. அது சிப்புக்குள்ள போற கோர் வோல்டேஜ், சும்மா இருக்கேக்க 0.7 வோல்ட், ஓடேக்க 1 வோல்ட் சொச்சம் தான் இருக்கும், அதுக்கு மேல கார்ட் தானா போகாது, அதைத்தான் அந்த வரி சொல்லுது. ஒழுங்கா ஓடுற கார்டிலயும் அப்பிடித்தான் காட்டும். 0.9 வோல்ட் எண்டதைக் கண்டு கார்ட் சாகப்போகுது எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம், அதால சொல்லுறன். மற்றது மதர்போர்ட் சென்சர் காட்டுற 12 வோல்ட் வரி. எனக்கு அதில 10.8 எண்டு கிடந்திச்சு, சும்மா இருக்கேக்கயும் 10.8, லோட்டிலயும் 10.8. உண்மையில 10.8 எண்டா கொம்பியூட்டர் ஒழுங்கா எழும்பியே இருக்காது. சொப்ட்வேர் அந்த போர்டுட கணக்கைப் பிழையா பெருக்கினா இப்பிடி வரும், அசையாம ஒரே நம்பரில நிண்டா நம்பாதீங்க.

நம்பக்கூடிய வரி ரெண்டு கிடக்கு. ஹெச்டபிள்யூஇன்ஃபோ எண்ட சென்சர் சொப்ட்வேரில கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழ போனா, ஆர்டிஎக்ஸ் 30 சீரிஸ் கார்டுகளுக்கு, கார்ட் மதர்போர்ட்டில குத்தி நிக்கிற பிசிஐ சொக்கற்றால வாற 12 வோல்ட் தனியா, 8 பின் கேபிளால வாற 12 வோல்ட் தனியா காட்டும், அதை அளக்கிறது கார்டே தான். ரெண்டையும் கிராப்பில போட்டு ஃபர்மார்க் ஓட விட்டன். ஃபர்மார்க் தெரியாதவைக்கு, அது சடை வளந்த உழுந்து வடை ஒண்டு சுத்திக்கொண்டிருக்கிற சொப்ட்வேர், பாக்க பகிடியா இருக்கும், ஆனா கார்ட் முழுப் பலத்தோட ஒரே சீரா கரண்ட் இழுக்கும். ரெண்டர் எண்டா ஏறி இறங்கும், அளக்க ஏலாது.

வடை சுத்தத் தொடங்கின உடனே பிசிஐ வரி 12.04இல இருந்து 11.93க்கு வந்து நிண்டிச்சு. 8 பின் வரி 11.98இல இருந்து 11.40ஐத் தாண்டி 11.18க்குப் போச்சு. சிவப்பு லைட் பளிச்.

இங்க தான் கதை திரும்பினது. கொம்பியூட்டர் பவர் சப்ளைகளுக்குப் போட்டிருக்கிற ஏடிஎக்ஸ் கணக்கில 12 வோல்ட் எண்டது 5 வீதம் கூடலாம், 5 வீதம் குறையலாம், அதாவது 11.40 முதல் 12.60 வரை. 11.18 வெளிய. ஆனா பவர் சப்ளை களைச்சுப் போய் வோல்டேஜ் விழுந்தா ரெண்டு வரியும் சேந்து விழ வேணும், ஏனெண்டா ரெண்டுக்கும் 12 வோல்ட் வாறது ஒரே இடத்தில இருந்து, ஒண்டு 24 பின் கேபிளால மதர்போர்ட்டுக்குப் போய் அங்கால கார்டுக்கு வருது, மற்றது நேரா 8 பின்னால வருது. ஒண்டு நல்லா நிக்க மற்றது மட்டும் விழுந்தா சப்ளை இல்ல பிழை, வழியில எங்கயோ. தண்ணித் தாங்கி நிறைஞ்சு கிடக்க குசினிப் பைப்பில மட்டும் தண்ணி நூல் மாதிரி வாறது போல. அண்டைக்கே ஒரு 650 வாட் சப்ளைக்கு ஓடர் போடுவம் எண்டு இருந்த ஆள் நான், கையை எடுத்திட்டன்.

இப்ப மீற்றர். கேஸைத் திறந்து, பவர் சப்ளையில இருந்து பாவிக்காம தொங்கிற மொலெக்ஸ் எண்ட நாலு பின் பிளக்கில மஞ்சளுக்கும் கறுப்புக்கும் வச்சன், 13.4 காட்டிச்சு. நெஞ்சு திக்கெண்டிச்சு, 13.4 எண்டா எல்லாம் எரிஞ்சு போகும். உடனே ஓஃப் பண்ணிட்டு கதிரையில இருந்திட்டன். பிறகு தான் மீற்றருட மூலையில பற்றரி அடையாளம் மின்னுறதைக் கண்டன். மலிவு மீற்றருகளில உள்ளுக்க இருக்கிற 9 வோல்ட் பற்றரி இறங்கினா உள்ளதை விடக் கூட காட்டும். அப்ப சுவரில அளந்த 207உம் பொய்யா எண்டு ஒரு யோசனை, புது பற்றரி போட்டு அண்டைக்குப் பின்னேரம் திருப்பி அளந்தன், அதே 207க்குப் பக்கத்தில தான், பற்றரி இடையில தான் இறங்கியிருக்கு. மொலெக்ஸில இப்ப 12.06, வடை சுத்தேக்க 11.97. சப்ளை தங்கம்.

பவர் சப்ளையில இருந்து கார்ட் வரைக்கும் கேபிள் நேரா போகேல்ல. நடுவில ஒரு எக்ஸ்டென்ஷன். போன வருசம் மருமகன் பார்சலில எடுப்பிச்சது, ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியா நைலோன் உறை, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி, கேஸ் கண்ணாடிக்கால பாக்க தேர் வடம் மாதிரி இருக்கும். நீளம் ஒரு சாண் சொச்சம். அது தான் சந்தேகம் எண்டு கழட்டி, மீற்றரை பீப் அடிக்கிற இடத்தில வச்சு ஒவ்வொரு வயரா இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் தொட்டுப் பாத்தன். எட்டும் பீப் எண்டிச்சு. கேபிளில பிழை இல்ல எண்டு திருப்பிப் பூட்டினன். முழு மடைத்தனம். பீப் வாறதுக்கு வழியில சில ஓம் தடை இருந்தாலும் காணும், ஆனா எங்களுக்குக் கரைச்சல் தாறது ஒரு ஓமில பத்தில ஒண்டுக்கும் குறைவான தடை, மீற்றருட சொந்த வயருக்கே அதை விடக் கூட இருக்கும். மற்றது, நான் கழட்டிப் பாத்தது வயரை, பிழை கிடந்தது பிளக் கார்டோட சேருற இடத்தில. அப்பிடிப் பிழை கரண்ட் ஓடேக்க மட்டும் தான் முகம் காட்டும்.

அதால ஓட விட்டுக்கொண்டே அளந்தன். இதைச் செய்யிறவை கவனமா செய்யுங்க, மீற்றர் முனை வழுக்கி மஞ்சளையும் கறுப்பையும் சேத்துத் தொட்டா பொறி பறக்கும். நான் ரெண்டு தையல் ஊசியில டேப் சுத்தி நுனியை மட்டும் விட்டு, கிளிப்பால மீற்றரில பிடிச்சன். கறுப்பு ஊசி மொலெக்ஸுட கறுப்பில நிரந்தரமா நிக்குது, சிவப்பு ஊசி மட்டும் ஊர் சுத்துது. எக்ஸ்டென்ஷனில நிறம் பாத்து 12 வோல்ட் எது எண்டு சொல்ல ஏலாது, சிவப்பும் வெள்ளையும் வடிவுக்கு மட்டும் தான், அதால முன்னுக்கே பவர் சப்ளையுட மஞ்சள் வயரை வச்சு அடையாளப்படுத்தி பேனையால புள்ளி போட்டிருந்தன். 8 பின் எண்டாலும் 12 வோல்ட் வாறது மூண்டு பின்னால மட்டும் தான், மிச்சம் எல்லாம் கறுப்பு.

முதல் இணைப்பில, பவர் சப்ளைப் பக்கத்து பிளக்குட முதுகில 11.90. ஆனா கார்டுப் பக்கத்து பிளக்குட முதுகில மூண்டு வயரும் மூண்டு விதம். ஒண்டு 11.73, ஒண்டு 11.71, மூண்டாவது 11.97. கார்டுட பின் தகடு அந்த இடம் வரைக்கும் வராததால சொக்கற்றுட சோல்டர் புள்ளிகள் தெரியும், அதில வச்சா 11.24. சொப்ட்வேர் காட்டினது 11.18, அந்த மிச்ச 0.06 கறுப்பு வயர் பக்கத்தில போறது.

மருமகன் நோட்டில எழுதிக்கொண்டு நிண்டவன், "அப்ப மாமா, அந்த 11.97 வயர் தான் நல்ல வயர், மற்ற ரெண்டும் பழுது" எண்டான். நானும் ஒரு நிமிசம் ஓம் எண்டு தலையாட்டிட்டன். பிறகு தான் அந்த நம்பரை வடிவா பாத்தன். மொலெக்ஸில வடை சுத்தேக்க வந்ததும் அதே 11.97 தான். ஒரு வயரில வோல்டேஜ் விழுறது அதால கரண்ட் ஓடுறதால. ஓடாட்டி விழாது. 11.97 எண்டு தலை நிமிந்து நிக்கிற வயர் ஒரு வேலையும் செய்யாம நிக்குது, அது பவர் சப்ளையில இருந்து பிளக் வரைக்கும் வந்து அங்க கார்டைத் தொடவே இல்ல. மூண்டு பேர் தூக்க வேண்டிய சாமானை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு முதுகு முறிஞ்சு நிக்கிறாங்க, மூண்டாவது ஆள் வேர்க்காம பக்கத்தில நடந்து வாறான். அவன்ட சட்டை தான் சுத்தம்.

கணக்கைப் பாருங்க. 3060க்கு மொத்தம் 170 வாட். பிசிஐ சொக்கற்றால 75 வாட் வரைக்கும் எடுக்கலாம், அதில 12 வோல்ட் பங்கு 66 வாட். 8 பின்னால 150 வாட் வரைக்கும். என்ட கார்ட் ஃபர்மார்க்கில 8 பின்னால இழுத்தது 121 வாட், 11.18ஆல பிரிச்சா 10.8 அம்பியர். மூண்டு வயர் எண்டா ஆளுக்கு 3.6, ரெண்டு எண்டா 5.4. பிளக்குட முதுகில 11.72, கார்டில 11.24, இடையில 0.48 வோல்ட் காணாமப் போகுது, 10.8ஆல பெருக்கினா 5 வாட் சொச்சம். 5 வாட் பெரிசில்ல எண்டு தோணும், சாமி அறை பல்ப் அளவு தான். ஆனா அது முழுக்க பிளாஸ்ரிக் பிளக்குக்குள்ள, சுண்டு விரல் நகமளவு இடத்தில, ரெண்டு தகரத் துண்டுக்கு நடுவில சூடா இறங்குது. சின்ன சோல்டரிங் அயனே 25 வாட் தான்.

எல்லாத்தையும் ஓஃப் பண்ணி, சுவரில பிளக்கைக் கழட்டி, பத்து நிமிசம் விட்டு பிளக்கை இழுத்தன். வரேல்ல. கிளிப்பை அமத்திக்கொண்டு அங்கயும் இங்கயும் மெல்ல ஆட்டி இழுக்க ஒரு இறுக்கத்தோட வந்திச்சு, வரேக்க எரிஞ்ச பிளாஸ்ரிக் மணம். வாயைத் திருப்பி டோர்ச் அடிச்சுப் பாத்தா மூண்டில ஒரு ஓட்டை வெறும் குகை, உள்ளுக்க இருக்கிற பித்தளைக் குழாய் ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் பின்னுக்குப் போய்க் கிடக்கு. அந்தக் குழாயில ரெண்டு சின்ன செட்டை இருக்கும், பிளாஸ்ரிக்கில கொழுவி நிக்கிறதுக்கு, அதில ஒண்டு உள்ளுக்க மடிஞ்சிட்டு. பூட்டேக்க கார்டுட பின் அதைத் தள்ள, அது பின்னால போயிட்டு. கிளிப் விழுந்த சத்தம் டக் எண்டு கேட்டிருக்கும், நாங்களும் சரி எண்டு விட்டிருப்பம்.

மற்ற ரெண்டு ஓட்டைக்கும் வாய் தேத்தண்ணிக் கறை மாதிரி மண்ணிறம். உள்ளுக்க, வாடைக்காத்துட கைவேலை, செம்புச் சட்டியில பிடிக்கிற மாதிரி பச்சைக் களிம்பு. எக்ஸ்டென்ஷனுட பித்தளையில மேல் பூச்சு ஒழுங்கா இல்ல போல, பவர் சப்ளையோட வந்த கேபிளுட பிளக்கில களிம்பு மருந்துக்கும் இல்ல, ரெண்டும் ஒரே கேஸில ஒரே காத்தில தான் இருந்தது. உறையை வெட்டிப் பாத்தன், உள்ளுக்க வயர் ஆகலும் மெல்லிசு, சுரண்டினா செம்பு நிறம் போய் வெள்ளையாத் தெரியுது. அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது. தேர் வடம் எண்டு நினைச்சது சணல் கயிறு.

அது உண்டாக்கின ஒரு சங்கிலியை யோசிச்சா விளங்கும். ஒரு பின் விலக மற்ற ரெண்டிலயும் கரண்ட் கூட, களிம்பால தடை, தடையால சூடு, சூட்டில குழாயுட பிடி தளரும், பிடி தளர தடை இன்னும் கூடும். ஒரு வருசம் ஒண்டும் தெரியாம ஓடி, ஒரு கிழமையில திடீரெண்டு லைட் எரியிறது அதால தான்.

எக்ஸ்டென்ஷனைத் தூக்கி எறிஞ்சிட்டு பவர் சப்ளைக் கேபிளை நேரா பூட்டினன். வடை சுத்தேக்க 11.71. லைட் இல்ல. மருமகன் கை தட்டினான், ஆனா எனக்குத் திருப்தி இல்ல, நல்ல கேபிளில இன்னும் கொஞ்சம் கூட நிக்க வேணும். திருப்பிக் கழட்டி கார்டுட சொக்கற்றைப் பாத்தா ரெண்டு பின் மங்கிப் போய் கிடக்கு. பாஸ் இருந்திருந்தா எமரி பேப்பரை எடுத்திருப்பார். செய்யாதீங்க, பின்னுக்கு மேல இருக்கிற வெள்ளீயப் பூச்சு போயிட்டா அடுத்த வாடைக்கு அந்த இடத்தில களிம்பு இன்னும் கெதியா ஏறும். ஐசோபுறோப்பைல் அல்ககோலில பழைய பல் பிரஷை நனைச்சு, மயிரை அரைவாசிக்கு வெட்டிக் கட்டையாக்கி, ஒவ்வொரு பின்னா சுத்தி சுத்தித் தேச்சன், பிரஷில கறுப்பும் பச்சையுமா வந்திச்சு. பிறகு பிளக்கை நாலஞ்சு தரம் பூட்டிக் கழட்டினன், பூட்டுறதே ஒரு தேய்ப்பு. அரை மணித்தியாலம் காய விட்டு ஓட விட, 11.84. அரை மணித்தியாலம் வடை சுத்தினது, பிளக்கில விரலை வச்சா இளஞ்சூடு தான், முந்தி வச்சுப் பாத்திருந்தா விரல் பழுத்திருக்கும்.

கேபிள் காணாது எண்டு மொலெக்ஸில இருந்து 8 பின்னுக்கு மாத்துற துண்டு போடுவம் எண்டு மருமகன் இடையில ஒருக்கா கேட்டவன். மொலெக்ஸில 12 வோல்ட் வயர் ஒண்டே ஒண்டு தான், இங்க ரெண்டு வயருக்கே இந்தக் கதி. வேண்டாம். மற்றது பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வெளிக்கிடாதீங்க, அந்த 380 வோல்ட் கரண்ட் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் உள்ளுக்க கிடக்கும்.

சாமத்திய வீட்டு வீடியோ அண்டைக்கு இரவே முடிஞ்சு, அடுத்த நாள் பிள்ளையுட அப்பா வந்து வாங்கிக்கொண்டு போனார். பிந்தினதுக்கு ஒரு காரணம் சொல்ல வேணும் எண்டு கரண்ட் பிரச்சினை எண்டன். ஓம் தம்பி, எங்கட பக்கமும் சரியான மோசம் எண்டார்.

ரெண்டு நாள் கழிச்சு பாஸ் இந்தப் பக்கம் போகேக்க ஸ்டெபிலைசர் வாங்கியாச்சோ எண்டு கேட்டார். எரிஞ்ச பிளக்கைக் குடுத்தன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, வெளிச்சத்தில பிடிச்சு, அந்த மண்ணிற ஓட்டையை நகத்தால சுரண்டிப் பாத்தார். ஒண்டும் பேசாம ஸ்குறு ட்ரைவரை எடுத்துக்கொண்டு எங்கட மெயின் சுவிட்ச் பக்கம் போனார். மீற்றர்ப் பக்கம் சீல் இருக்கு, அதைத் தொடேல்ல, சுவிட்சை நிப்பாட்டிட்டு வீட்டுப் பக்கம் போற ரெண்டு வயருட ஸ்குறுவையும் இறுக்கினார். ஒண்டு முக்கால் சுத்து சுத்திச்சு. "நான் பூட்டேக்க இறுக்கித்தான் விட்டனான்" எண்டார், கொஞ்சம் வெக்கத்தோட. பின்னேரம் ஏழு மணிக்கு அயனையும் போட்டு பிளக்கில அளந்தன், 209.